டோர் உலாவி: சேமிப்புக் கிடங்கில் நம்மைப் பற்றி எஞ்சுவது என்ன?

இணையத்தில் நாம் எங்கே போகிறோம் என்பதை மறைக்கும் இலவச உலாவியான டோர் உலாவியைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை அதன் வேகக் குறைவைப் பற்றிய புலம்பலாகவோ, இணையத்தின் இருண்ட மூலைகளைப் பற்றிய கதையாகவோ முடிந்துவிடுகின்றன. இந்த மதிப்புரை எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. இணையச் சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் இணைப்பு விவரங்களையும், அவர் மீது எந்தச் சந்தேகமும் எழாத நிலையிலேயே, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ சேமித்து வைக்க வேண்டும் என்று அரசுகள் சட்டம் இயற்றுகின்றன. அந்தச் சேமிப்பில் நம் பெயருக்கு எதிரே என்ன எழுதப்படுகிறது என்பதை இந்த உலாவி எந்த அளவுக்கு மாற்றுகிறது? மற்ற நிறைகுறைகள் எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

இத்தகைய சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் பிறப்பித்த ஆணை, தொலைத்தொடர்பு விவரங்களை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சேமிக்கச் சொன்னது. அது அடிப்படை உரிமைகளை மீறுகிறது என்று கூறி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 ஏப்ரலில் அதைச் செல்லாததாக்கியது. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு சாதனம் எந்த இணையச் சேவையுடன் எப்போது இணைந்தது என்ற பதிவை 12 மாதம் வரை வைத்திருக்குமாறு நிறுவனங்களுக்கு உத்தரவிட இடமளிக்கிறது. ஆஸ்திரேலியா 2015-இல் இரண்டு ஆண்டு என்று வகுத்தது. ஆனால் ஒருவர் பார்த்த தளங்களின் வரலாற்றை அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கி வைத்தது. இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகள் ஒரு படி மேலே போய், வி.பி.என். நிறுவனங்களே (நம் இணையத் தரவைத் தம் கணினி வழியே மறைத்து அனுப்புபவை) வாடிக்கையாளரின் பெயர், தொடர்பு விவரம், அவருக்கு ஒதுக்கிய ஐ.பி. முகவரி (இணையத்தில் ஒரு சாதனத்தைக் குறிக்கும் எண்) ஆகியவற்றை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றன. நாம் என்ன பேசினோம், என்ன படித்தோம் என்பது இந்தச் சட்டங்கள் எதற்கும் தேவையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் காவலாளி வைத்திருக்கும் பதிவேட்டைப் போல, யார், எத்தனை மணிக்கு, எந்த வீட்டுக்கு என்ற மூன்றும் இருந்தாலே போதும்.

அந்த மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு மால்ட்டே ஸ்பிட்ஸ் என்ற ஜெர்மானிய பசுமைக் கட்சி அரசியல்வாதியின் அனுபவத்தைத்தான் சொல்ல வேண்டும். அவர் தம் தொலைபேசி நிறுவனமான டாய்ச்சே டெலிகாமிடம் சட்டப்படி போராடி, தம்மைப் பற்றிச் சேமிக்கப்பட்டிருந்த ஆறு மாத விவரங்களைப் பெற்றார். 35,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்தன. 2011-இல் அவை ஒரு வரைபடமாக வெளியிடப்பட்டபோது, அவர் எந்த ரயிலில் போனார், எங்கே தூங்கினார், எப்போது விழித்திருந்தார் என்பதை எவரும் பார்க்க முடிந்தது. ஒரு சொல்லைக்கூட யாரும் ஒட்டுக்கேட்டிருக்கவில்லை.

இணைய உலாவலில் இதற்கு இணையான பதிவு எப்படி உண்டாகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது கடினமல்ல. கணினியிலிருந்து வெளியேறும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, சாதாரண உலாவி ஒன்றில் மனநல ஆலோசனை தரும் தளம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். முதலில் டி.என்.எஸ். கேள்வி, அதாவது தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐ.பி. முகவரியைக் கேட்கும் செய்தி, வெளியேறுகிறது, அதில் தளத்தின் பெயர் பச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. அடுத்து அந்தத் தளத்தின் சர்வருடன் மறையாக்க இணைப்பு தொடங்குகிறது. அந்தத் தொடக்கச் செய்தியிலும், எந்தத் தளம் வேண்டும் என்று சர்வருக்குச் சொல்வதற்காக, அதே பெயர் மறையாக்கம் இல்லாமல் போகிறது. அதன் பிறகுதான் எல்லாம் புரியாத எழுத்துக்குவியலாக மாறுகிறது. நான் அங்கே எந்தக் கட்டுரையைப் படித்தேன் என்பது வழியில் இருக்கும் எவருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஒருவர் நள்ளிரவில் ஒரு மனநல ஆலோசனைத் தளத்தில் அரை மணி நேரம் இருந்தார் என்று தெரிந்த பிறகு, கட்டுரையின் தலைப்பு தெரிந்துதான் ஆக வேண்டுமா?

உலாவிகளில் உள்ள தனிப்பட்ட சாளரம் இந்தக் காட்சியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. அது வீட்டில் உள்ளவர்களிடமிருந்து வரலாற்றை மறைக்கும் வசதி. வெளியே செல்லும் தரவு அப்படியேதான் செல்கிறது. டி.என்.எஸ். கேள்வியை மறையாக்கி அனுப்பும் வசதி இப்போது பெரும்பாலான உலாவிகளில் உண்டு. அதை இயக்கினால் மேலே சொன்ன இரு கசிவுகளில் முதலாவது அடைபடும். இரண்டாவது கசிவை அடைக்கும் நுட்பமும் வந்துவிட்டது. ஆனால் நாம் போகும் தளமும் அதற்கு ஒத்துழைத்தாக வேண்டும். இரண்டும் அடைபட்டாலும் சேருமிடத்தின் ஐ.பி. முகவரி வெளிப்படையாகவே இருக்கும்.

அதே ஆலோசனைத் தளத்தை டோர் உலாவியில் திறந்தபோது வயர்ஷார்க்கின் திரையில் அதன் பெயர் எங்குமே இல்லை. டி.என்.எஸ். கேள்வியே எழவில்லை. ஒரே ஓர் ஐ.பி. முகவரியுடன் ஒரு மறையாக்க இணைப்பு நீடித்தது. அடுத்து ஒரு செய்தித் தளம், அதற்கடுத்து ஒரு தேடல், பிறகு ஓர் அகராதி என்று போனபோதும் எல்லாம் அந்த இணைப்புக்குள்ளேயே அடங்கிவிட்டன. இணைப்பின் தொடக்கத்தில் தெரிந்த தளப்பெயரும் டோர் தானே இட்டுக்கட்டிய, பொருளற்ற எழுத்துக்கோவைதான். இணையச் சேவை நிறுவனத்தின் பதிவில் பத்து வரிகள் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி விழுகிறது. அந்த வரியும் நான் எங்கே போனேன் என்பதைச் சொல்வதில்லை. இந்த உலாவியின் பெரும் பலம் இதுவே.

இதன் உள்ளமைப்பு பலருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். தன்னார்வலர்கள் நடத்தும் பல ஆயிரம் ரிலேக்களில் (தரவை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் கணினிகளில்) மூன்றை மென்பொருள் தேர்ந்தெடுத்து, தரவை மூன்று அடுக்கு மறையாக்கத்தில் பொதிந்து அவற்றின் வழியே அனுப்புகிறது. முதல் ரிலேவுக்கு நம்மைத் தெரியும், போகுமிடம் தெரியாது. மூன்றாவதுக்குப் போகுமிடம் தெரியும், நம்மைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள குறியைச் சொடுக்கினால் அந்த மூன்றும் எந்தெந்த நாட்டில் உள்ளன என்பதை உலாவியே காட்டுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் தளத்துக்குத் தளம் மாறுகின்றன. முதலாவது மட்டும் சில மாதங்கள் மாறாமல் நிற்கிறது. புதிதாக வருபவர்கள் இதைக் கோளாறு என்று நினைப்பதுண்டு. உண்மையில் முதல் ரிலேவை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் உளவு பார்க்கும் ரிலே ஒன்றில் போய் விழுவது உறுதி என்பதால் வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு அது.

அதிகம் பேசப்படாத ஒரு நுட்பத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; தரவுச் சேமிப்பை நேரடியாக மனத்தில் வைத்து இதில் சேர்க்கப்பட்டது அதுவே. இணையச் சேவை நிறுவனங்களின் ரவுட்டர்கள், அதாவது தரவை வழிநடத்தும் கருவிகள், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் தனித்தனியாகப் பதிவதில்லை. ஓர் இணைப்பு எப்போது தொடங்கியது, எவ்வளவு தரவு சென்றது, எப்போது ஓய்ந்தது என்று தொகுத்துப் பதிகின்றன. இணைப்பில் பத்துப் பதினைந்து விநாடி மௌனம் நிலவினால் அந்தப் பதிவை மூடிவிட்டு, மீண்டும் தரவு நகரும்போது புதிய பதிவைத் தொடங்குகின்றன. ஆகவே நாம் ஒரு பக்கத்தைத் திறந்து, படித்து, அடுத்த பக்கத்துக்குப் போகும் தாளமே அந்தப் பதிவுகளின் இடைவெளிகளில் படிந்துவிடுகிறது. டோர் 2017-இல் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்தது. இணைப்பு சும்மா இருக்கும்போது, 1.5 விநாடிக்கும் 9.5 விநாடிக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு கணத்தில், பொருளற்ற சிறு தரவு ஒன்று அனுப்பப்படுகிறது. ரவுட்டர் பதிவை மூட வேண்டிய மௌனம் ஏற்படுவதே இல்லை. பல பக்கங்களின் தடயங்கள் ஒரே நீண்ட பதிவுக்குள் கரைந்துவிடுகின்றன. சட்டம் கேட்கும் பதிவு சட்டப்படியே இருக்கும். அதில் படித்தறிய வேண்டிய விஷயம்தான் குறைந்து போயிருக்கும். இத்தகைய கவனத்தை வேறு எந்த உலாவியிலும் நான் கண்டதில்லை.

இனி, அந்த ஒற்றை வரியின் பிரச்சினை. டோர் ரிலேக்களின் பட்டியல் இரகசியமானதல்ல. அது மணிக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டு வெளியிடப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட ஐ.பி. முகவரி டோர் ரிலேவாக இயங்கியதா என்று சொல்வதற்கென்றே எக்ஸானரேட்டார் என்ற பக்கத்தையும் டோரை உருவாக்கும் அமைப்பான டோர் திட்டமே நடத்துகிறது. ரிலே நடத்துபவர்கள் மீது தவறான பழி விழாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: ஓராண்டுக்கு முந்தைய இணைப்புப் பதிவை ஓர் அதிகாரி இன்று எடுத்து, அதில் உள்ள முகவரியை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால், நீங்கள் அன்று டோர் பயன்படுத்தினீர்கள் என்பதை நிமிடத்தோடு சொல்லிவிட முடியும். எங்கே போனீர்கள் என்பது மறைந்திருக்கும். மறைத்தீர்கள் என்பது மறைந்திருக்காது.

இது வெறும் ஊகமல்ல. 2013 டிசம்பரில், தேர்வு நடக்கும் நாளில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அனுப்பியவர் டோர் வழியாக ஒரு தற்காலிக மின்னஞ்சல் சேவையைப் பயன்படுத்தியிருந்தார். டோரை யாரும் உடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் கம்பியில்லா இணைப்புப் பதிவுகளை எடுத்து, மின்னஞ்சல் வருவதற்கு முந்தைய மணி நேரங்களில் டோருடன் இணைந்தவர் யார் என்று பார்த்தார்கள். ஒரு மாணவர் அகப்பட்டார், விசாரணையில் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது குற்றம்தான். அதற்காக இங்கே வருந்துவோர் எவரும் இருக்க முடியாது. நுட்பத்தைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது வேறு: பயன்படுத்துவோர் கூட்டம் சிறியதாக இருக்கும் வலையமைப்பில், நேரம் ஒன்றே அடையாளமாகிவிடுகிறது. இணைப்பின் இரு முனைகளையும் ஒருசேரப் பார்க்க முடிந்தவரிடமிருந்து காப்பதாக டோர் ஒருபோதும் உறுதியளித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு உலாவிக்குள்ளேயே இருக்கும் விடை பிரிட்ஜ்கள். அவை பொதுப் பட்டியலில் இடம்பெறாத ரிலேக்கள். தணிக்கை உள்ள நாடுகளுக்கு மட்டுமே அவை தேவை என்று பலரும் நினைத்து அமைப்புப் பக்கத்தில் அந்தப் பகுதியைத் திறப்பதே இல்லை. தரவுச் சேமிப்பைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு அதுதான் முதலில் திறக்க வேண்டிய பகுதி என்பது என் கருத்து. ஓபிஎஃப்எஸ்4 என்ற வகை, தரவை எந்த வடிவமும் இல்லாத எழுத்துக்குவியலாகக் காட்டுகிறது. ஸ்னோஃப்ளேக், தன்னார்வலர்களின் உலாவிகள் வழியாகச் செல்வதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு காணொளி அழைப்பைப் போலத் தோன்றுகிறது. 2024-இல் வந்த வெப்டன்னல், சாதாரண இணையதளம் ஒன்றுடனான இணைப்பைப் போல நடிக்கிறது. இவற்றில் ஒன்றை இயக்கினால் சேமிப்பில் விழும் வரியில் டோர் என்று அடையாளம் காட்டும் முகவரி இராது. தணிக்கைத் துறையினர் பிரிட்ஜ்களையும் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதால் இதை இரும்புக் கோட்டையாக எண்ணக் கூடாது. வேகத்தில் ஸ்னோஃப்ளேக் மற்ற இரண்டையும்விடப் பின்தங்கியே இருந்தது.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு வி.பி.என். போதாதா என்ற கேள்வி நியாயமானது. வி.பி.என். வேகமானது, எளிது, நாம் மனிதர்தானா என்று தளங்கள் சோதிக்கும் கேப்ச்சா புதிர்களின் தொல்லையும் குறைவு. ஆனால் அது பதிவை அழிப்பதில்லை; இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து வி.பி.என். நிறுவனத்துக்கு இடம் மாற்றுகிறது. பதிவு வைப்பதே இல்லை என்று விளம்பரம் செய்த நிறுவனம் ஒன்று விசாரணை அதிகாரிகளுக்குப் பதிவு கொடுத்து உதவியது, 2017-இல் அமெரிக்க வழக்கு ஒன்றின் ஆவணங்களில் வெளிவந்தது. மாறாக, சுவீடனின் மல்வாட் நிறுவனத்துக்கு 2023 ஏப்ரலில் காவல்துறை சோதனை ஆணையுடன் வந்தபோது, கேட்ட விவரம் எதுவும் அங்கே இல்லாததால் வெறுங்கையுடன் திரும்பியது. ஆக, நல்ல வி.பி.என். நிறுவனம் இருக்கவே இருக்கிறது. எது நல்லது என்பது காவல்துறை வந்து போன பிறகுதான் உறுதியாகிறது. டோரில் இந்த நம்பிக்கைப் பரீட்சை எழுவதில்லை, ஏனெனில் முழு விவரமும் தெரிந்தவர் என்று ஒருவர் அங்கே கிடையாது.

டோருக்கு மூலமான நுட்பம் 1990-களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் பிறந்தது என்பதும், 2006 முதல் இலாப நோக்கற்ற அமைப்பாக இயங்கும் டோர் திட்டம் அமெரிக்க அரசின் நிதியையும் பெற்று வந்திருக்கிறது என்பதும் சிலருக்கு உறுத்தும். உறுத்துவதில் தவறில்லை. மூலநிரல் திறந்திருக்கிறது, உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைக் கிளறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதால் எனக்கு அந்த உறுத்தல் பெரிதாக இல்லை.

அன்றாடப் பயன்பாட்டில் எழுத்து மிகுந்த பக்கங்கள் பொறுத்துக்கொள்ளும் வேகத்தில் திறக்கின்றன. காணொளிக்கு இது ஏற்றதல்ல. கேப்ச்சா தொல்லை அதைவிடப் பெரிது. வெளியேறும் ரிலேக்களின், அதாவது மூன்றாவதாக நிற்பவற்றின், முகவரிகள் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால், பல தளங்கள் அவற்றிலிருந்து வருபவரைச் சந்தேகத்துடன் நடத்துகின்றன. சில கதவையே திறப்பதில்லை. எனக்குக் கணக்கு உள்ள ஒரு வங்கி, டோர் வழியே நுழைந்த உடனேயே கணக்கை முடக்கிவிட்டு, தொலைபேசியில் அடையாளத்தை நிரூபிக்கச் சொன்னது. வங்கிக்கு நான் யாரென்று தெரிந்தே ஆக வேண்டும். அங்கே டோரால் மறைவது எனக்கு எந்த வங்கியில் கணக்கு என்பது மட்டுமே. அந்தச் சிறு ஆதாயத்துக்காக வாடிக்கையாளர் சேவை வரிசையில் காத்திருப்பதில் பொருளில்லை. சொந்தப் பெயரில் உள்ள எந்தக் கணக்கில் நுழைந்தாலும் இதே கதைதான்: இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியாமல் போனது, தளத்துக்கு முழுமையாகத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது ரிலேயிலிருந்து தளம் வரையிலான கடைசித் தூரத்தை டோர் மறையாக்குவதில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2007-இல் சுவீடனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர் சில வெளியேறும் ரிலேக்களை நடத்தி, அவற்றின் வழியே மறையாக்கமின்றிச் சென்ற தூதரக, அரசு மின்னஞ்சல் கணக்குகள் 100-இன் கடவுச்சொற்களை வெளியிட்டார். இன்று பெரும்பாலான தளங்கள் தாமே மறையாக்கம் செய்கின்றன, உலாவியும் மறையாக்கமற்ற தளத்துக்குப் போகும்முன் எச்சரிக்கிறது. ஆகவே அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது.

உலாவியின் சாளரத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிற ஓரம் தோன்றுகிறது. சாளரத்தின் துல்லியமான அளவே ஒருவரை அடையாளம் காட்டக்கூடும் என்பதால், பக்கத்தின் பரப்பை 200-க்கு 100 என்ற மடங்குகளில் நிறுத்தி, எல்லோரையும் ஒரே மாதிரி தோன்றச் செய்கிறார்கள். இதே காரணத்துக்காகப் பக்கங்களை ஆங்கிலத்தில் கோரட்டுமா என்றும் உலாவி கேட்கிறது. தமிழில் கோருபவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அதற்கு இசைவதே நல்லது. தமிழ்ப் பக்கங்களைப் படிப்பதற்கு அதனால் எந்தத் தடையும் இல்லை. கூடுதல் நீட்சிகளை நிறுவினால் இந்த ஒரே மாதிரித் தோற்றம் கலைந்துவிடும். விளம்பரத் தடுப்பானைக்கூட இதில் சேர்க்காமல் இருப்பதே முறை. பாதுகாப்பு நிலையை உச்சத்தில் வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் முழுவதும் நின்றுபோய், பல தளங்கள் எலும்புக்கூடாகக் காட்சியளிக்கும். தரவுச் சேமிப்பு மட்டுமே கவலை என்றால் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டில் இதன் அதிகாரப்பூர்வப் பதிப்பு 2019 முதல் கிடைக்கிறது. ஐபோனில் அப்படி ஒன்று இல்லை; டோர் திட்டம் பரிந்துரைக்கும் ஆனியன் பிரௌசர் உண்டு, ஆனால் ஆப்பிளின் கட்டுப்பாடுகளால் அதன் பாதுகாப்பு அந்த அளவுக்கு வராது. எந்தக் கைபேசியிலும் உலாவியின் வழியே செல்வது மட்டுமே காக்கப்படுகிறது. மற்ற செயலிகள் தம் போக்கில் தளப்பெயர்களைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

நிறுவுவதற்கு முன் கவனிக்க ஒன்று உண்டு. டோர் திட்டத்தின் தளத்துக்குச் சாதாரண உலாவியில் போய் இதை இறக்கிக்கொள்ளும் அந்த முதல் வருகை, மற்ற வருகைகளைப் போலவே சேமிப்பில் பதிவாகும். பெரும்பாலோருக்கு அது பொருட்டல்ல. பொருட்டென்று கருதுபவர்களுக்கு கெட்டார் என்ற சேவை இருக்கிறது. அதற்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் கிட்ஹப் போன்ற பொதுத் தளங்களில் வைக்கப்பட்டுள்ள பிரதிகளின் இணைப்புகள் பதிலாக வரும். பதிவில் தெரிவது மின்னஞ்சல் சேவையும் கிட்ஹப்பும் மட்டுமே. அப்படி இறக்கிய கோப்பின் இலக்கக் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதை நிறுவ வேண்டும். பிரிட்ஜை முதல் முறை இணைவதற்கு முன்பே அமைத்துவிட வேண்டும், ஒரு முறை நேரடியாக இணைந்துவிட்டால் அந்த வரி சட்டம் சொல்லும் காலம் முடியும்வரை அங்கேயே இருக்கும்.